தகடு வரை

பூசுவதற்குத் தமிழில் சொற்கள் பல. பூசுதல், மெழுகுதல், தீற்றுதல், அப்புதல், தடவுதல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பூசியதை நீக்குவதற்கும் குறைவில்லை: உரித்தல், வழித்தல், சுரண்டுதல், சீவுதல், தேய்த்தல். அகராதியில் அருகருகே படுத்துக் கிடக்கும் இச்சொற்களுக்கிடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதைத் தூத்துக்குடியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் நின்ற நாட்களில்தான் நாங்கள் கண்டோம். பெயிண்ட் நீக்கியைத் தடவி ஊறவிட்டால் மேற்பூச்சு சுருங்கிக் கொப்புளித்து மேலெழும். அதை எடுப்பது வழித்தல். ஊறியும் விடாததைத் தகட்டின் விளிம்பால் நெம்புவது சுரண்டல். அதற்கும் மசியாததை உப்புத்தாள் கொண்டு கரைப்பது தேய்த்தல். ஒவ்வொன்றுக்கும் கை வேறு, ஓசை வேறு, எடுத்துக்கொள்ளும் நேரமும் வேறு.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். எங்களில் மூத்தவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர்; இளையவர் கப்பல் சரக்குக் கணக்கு எழுதுபவர். எங்கள் தந்தையார் 2019-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. மருந்துக் கடை நடத்திய அவர், 1986-இல் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். ஐந்தாண்டுகள் ஓட்டமின்றிக் கொட்டகையில் நின்ற அவ்வண்டியை 2024 சித்திரையில் விற்றுவிடுவது என்று தீர்மானித்தோம். பழைய வண்டிகளில் பற்றுள்ள ஒருவர் மதுரையிலிருந்து கேட்டிருந்தார்.

இந்த வண்டியின் வரலாறு இன்று பலருக்கு மறந்திருக்கும். இத்தாலியின் ஃபியட் 1100 வகையைப் பம்பாய் குர்லாவிலிருந்த பிரீமியர் நிறுவனம் 1964-இல் டிலைட் என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. 1974 முதல் அது பத்மினி ஆயிற்று. உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிறது. மும்பையின் கறுப்பு மஞ்சள் வாடகை வண்டிகளாக எஞ்சியிருந்தவையும் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. ஆனால் நம் ஊர்ப்பக்கம் இதை யாரும் பத்மினி என்று அழைத்ததில்லை. கடைசிவரை ஃபியட்தான்.

எங்கள் ஃபியட் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. 2008-இல் அடித்த வெள்ளை, சற்றே மஞ்சள் பாரித்திருந்தது. கதவுகளின் அடிவிளிம்பில் மட்டும் அம்மைக் கொப்புளங்கள்போல ஏழெட்டு இடங்களில் பூச்சு உப்பியிருந்தது. உப்பளங்களுக்கு நடுவே முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற இரும்பு அந்த அளவாவது உப்பாமல் இருக்குமா என்று நாங்கள் எண்ணினோம். பட்டறை அண்ணாச்சி அப்படி எண்ணவில்லை. சட்டைப்பையிலிருந்து சிறு காந்தம் ஒன்றை எடுத்து வண்டியின் மேல் அங்கங்கே வைத்துக்கொண்டே வந்தார். கூரையில் ஒட்டியது. பின்மூடியில் ஒட்டியது. இடப்பக்க முன் மட்காட்டில் வைத்தபோது வழுக்கித் தரையில் விழுந்தது. பிறகு விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

"கேளுங்க சார். தகரம்னா டங்குனு சொல்லும். இது தொப்புனு சொல்லுது பாருங்க. உள்ள பூராப் பட்டி."

கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற அடிப்பகுதியைத் தட்டியபோதும் அதே தொப்பென்ற ஓசை. இங்கே சிறிது விளக்க வேண்டும். லாரியில் அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. கூடு துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். இந்த ஃபியட்டில் அப்படி இல்லை, கூடேதான் சட்டம். அடிப்பெட்டியில் துரு ஏறினால் அது அழகுக் குறை அன்று, முதுகெலும்பின் நோய்.

அண்ணாச்சி இரண்டு வழிகளைச் சொன்னார். கொப்புளங்களை மட்டும் தேய்த்துவிட்டு, மேலே பட்டி பார்த்து, இன்னொரு வெள்ளை அடிப்பது. பத்து நாளில் வண்டி பளபளக்கும். அல்லது தகடு வரை எடுப்பது. ஒன்றரை மாதம் ஆகும், செலவு நான்கு பங்கு, உள்ளே என்ன இருக்கும் என்று அவரும் உறுதி தரமாட்டார். "விக்கிற வண்டிக்கு எதுக்கு சார் அவ்வளவு?" என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களுக்குள் அன்றிரவு வாக்குவாதம் நடந்தது. முடிவில் ஒன்று மட்டும் தெளிவாயிற்று: அந்தத் தொப்பென்ற ஓசையைக் கேட்ட பிறகு, அதன்மேல் வெள்ளை அடித்து, வேறொருவர் தம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகக் கொடுக்க எங்களால் முடியாது. தகடு வரை எடுக்கச் சொன்னோம்.

எடுப்பதற்கும் பல வழிகள் உண்டு. மணலை அழுத்தக் காற்றில் வீசி அடிப்பது விரைவானது. ஆனால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கதவுத் தகட்டின்மேல் அப்படி அடித்தால், மணல் படும் பக்கம் விரிந்து தகடு நெளிந்துவிடும். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தாலும் சூட்டில் அதே கதி. காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கினால் மடிப்புகளுக்குள் தங்கிய காரம் பின்னாளில் புதுப்பூச்சை உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே பரந்த இடங்களுக்கு நீக்கியும் தகடும், மூலைகளுக்குக் கம்பிப் பிரஷ், முடிவில் தண்ணீர் தெளித்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் என்று முடிவாயிற்று. எண்பதாம் எண் தாளில் தொடங்கி, நூற்றிருபது, இருநூற்றிருபது என்று மென்மையை நோக்கிச் செல்லும் வரிசை அது.

இந்த வேலையில் ஈடுபட்ட இளைஞருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். முகத்தில் கைக்குட்டைகூட இல்லை. பழைய வண்ணங்களில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் சிலவகைப் பச்சைக்கும் ஈயக் குரோமேட்டைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் பறப்பது ஈயத் தூள். மூச்சில் போய் இரத்தத்தில் கலந்து எலும்பில் குடியேறுவது. வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016-இல்தான். பெயிண்ட் நீக்கியும் இலேசுப்பட்டதன்று. பலவற்றில் இருப்பது டைகுளோரோமீத்தேன். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. வண்டிக்குள்ளும் குழியிலும் தேங்கும். உடலுக்குள் போனபின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் பொதுமக்களுக்கான பெயிண்ட் நீக்கிகளில் அதனை 2019-இல் தடைசெய்தார்கள். 2024-இல் மற்றப் பெரும்பாலான பயன்பாடுகளுக்கும் தடை வந்தது.

சுரண்டல் என்ற சொல்லுக்கு மேடைகளில் நாம் தரும் பொருள் வேறு. அந்த இளைஞர் நாட்கூலிக்குக் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தபோது இரு பொருளும் ஒரே இடத்தில் நின்றன. முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்தோம். வேலையைக் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொன்னோம். "வேர்க்குது சார்" என்று முதல் நாள் முகமூடியைக் கழற்றினார். உலர்த் தேய்ப்பு வேண்டாம், எல்லாம் நீர்விட்டே தேய்க்கலாம் என்று அண்ணாச்சியிடம் பேசி, அதனால் கூடிய நாட்களுக்கும் கூலி எங்கள் பொறுப்பு என்றோம். நனைந்த தூள் பறக்காது. முகமூடி பாதி நேரம் கழுத்தில்தான் தொங்கியது.

வேலை தொடங்குமுன் இளையவரின் வற்புறுத்தலால் ஒன்று செய்தோம். வலப்பக்கக் கதவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத்தை மட்டும் மெல்லிய தாளால் சரிவாகத் தேய்க்கச் செய்தோம். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்ந்தபோது, வெட்டிய மரத்தின் வளையங்களைப்போல அடுக்குகள் வெளிப்பட்டன. வெளி வளையம் 2008-இன் வெள்ளை. அடுத்து நாங்கள் பள்ளி முடித்த காலத்துக் கடல்நீலம். அதற்குள் எங்கள் சிறுவயதின் இலைப்பச்சை. அதற்கும் உள்ளே நாங்கள் அறியாத ஒரு கிரீம் நிறம். பின் செம்மண் நிறத்துப் பிரைமர். நடுவே காசளவு வெண்மையாகத் தகடு.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்தக் காட்சி வேறொன்றை நினைவூட்டும். ஏட்டில் படிந்த பிழைகளையும் இடைச்செருகல்களையும் நீக்கி மூலபாடத்தை அடைவதே பதிப்பாசிரியரின் கனவு. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட காலத்திலிருந்து நம் புலமை மரபு கொண்டாடிவரும் கனவு அது. ஆனால் நல்ல பதிப்பாசிரியர் தாம் ஏற்காத பாடத்தை அழிப்பதில்லை. பாடவேறுபாடு என்று அடிக்குறிப்பில் வைப்பார். பட்டறையில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. மேலடுக்கை அழித்தால்தான் கீழடுக்குக்குப் போக முடியும். படித்த பக்கத்தை உடனே எரித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு நூலைப் படிப்பது போன்றது அது. எனவே ஒவ்வொரு நாளும் மாலையில் படம் எடுத்து, எந்தப் பகுதியில் எந்த வரிசை என்று குறித்துக்கொண்டோம்.

அந்தக் குறிப்புகளில்தான் முரண் வெளிப்பட்டது. கூரை, பின்மூடி, வலப்பக்கம் எங்கும் வெள்ளை, நீலம், பச்சை, கிரீம் என்ற வரிசை பிறழவில்லை. இடப்பக்க முன் மட்காட்டில் மட்டும் கிரீம் இல்லை. பச்சைக்குக் கீழே நேராகப் பட்டி. சில இடங்களில் விரற்கடை கனம். அதற்கும் கீழே தகட்டில் சுத்தியல் தழும்புகள், ஒட்டுப்போட்ட கோடு. அதாவது அந்த மட்காடு இந்த வண்டியோடு பிறந்ததன்று. பச்சை நிறம் வந்தபோதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. முன் கதவுத் தூணின் அடியிலும் நிமிர்த்திய தழும்பு இருந்தது. "பலமா வாங்கியிருக்கு சார்" என்றார் அண்ணாச்சி.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். நிறம் மாற்றினால் அதில் பதிய வேண்டும் அல்லவா? கிரீம் என்பது அடிக்கப்பட்டுப் பச்சை என்று எழுதப்பட்ட நாள், 1989 ஜூலையில் ஒன்று. அப்பாவுக்குப் பச்சை பிடிக்கும் என்பதே அதுவரை நாங்கள் அறிந்த காரணம்.

அம்மாவிடம் கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. முற்றத்தில் உலர்ந்த வற்றலைக் கிண்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த வருசம் வைகாசியில, திருநெல்வேலில இருந்து மருந்துப் பெட்டி ஏத்திட்டு வந்தாக. ராத்திரி. வெளக்கு இல்லாம ஒரு மாட்டுவண்டி. ஒடிச்சதுல புளியமரத்துல போய் மோதிட்டாக. இவுகளுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துல கடைப்பையன் இருந்தான். அவன் காலுதான் போச்சு."

அந்தக் கடைப்பையனை நாங்கள் நன்கு அறிவோம். பொங்கல்தோறும் கரும்புக் கட்டோடு விந்தி விந்தி வருபவர். எங்களுக்கு அண்ணன் முறையாக அழைத்துப் பழக்கம். பின்னாளில் தனியே கடை வைத்தார். அதற்கு முதல் போட்டவர் அப்பா. 2019-இல் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் காலைப் பற்றி, குழந்தையில் போலியோ வந்தது என்று எப்போதோ யாரோ சொன்னதையே நாங்கள் நம்பியிருந்தோம்.

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டோம்.

"பிள்ளைக எங்கூட கார்ல ஏறப் பயந்துரும்னு சொன்னாக. வேற என்ன? அந்தப் பையனும் சொல்ல வேண்டாம்னுட்டான். நெறத்தயே மாத்திட்டு வந்து நின்னாக. நீங்க ரெண்டு பேரும் பச்சக் காரு பச்சக் காருன்னு குதிச்சீக."

பழைய கிரீம் நிறத்தோடு புதிய மட்காட்டின் நிறம் பொருந்தியிராது. ஓர் உறுப்பில் ஒட்டு தெரியக்கூடாது என்றால் உடல் முழுவதற்கும் நிறம் மாற வேண்டும். அதைத்தான் அவர் செய்திருக்கிறார். அந்தப் பச்சைக்குள் அமர்ந்து குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் நாங்கள் போன பயணங்கள் எத்தனை! முன்னிருக்கையின் இடப்பக்கம் எங்களுள் யார் உட்காருவது என்ற சண்டை எத்தனை! இருபது வயதுக்குப் பிறகும் அப்பா எங்களை அந்த இருக்கையில் அமர்த்திக்கொண்டு இரவில் வண்டி ஓட்டியதில்லை என்பது அம்மா சொன்ன பிறகே நினைவுக்கு வந்தது.

மறைத்தது சரியா என்ற கேள்வி எங்களைச் சில நாள் அலைக்கழித்தது. அதற்குள் பட்டறையில் கடைசிக் கட்டம் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல், வண்டி முழுதும் நிர்வாணத் தகடாக வேப்பமர நிழலில் நின்றது. ஒளிரும் வெள்ளியும் அன்று, சாம்பலும் அன்று. ஏதோ மீனின் உட்பக்கம்போல ஒரு நிறம். அடிப்பெட்டியில் இருபுறமும் கையளவு ஓட்டைகள். உள்ளிருந்து துரு அடை அடையாக உதிர்ந்தது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகும். அந்தப் பெருக்கம்தான் மேலே கொப்புளமாகத் தெரிகிறது. பட்டியை அப்பி மூடியபோது யாரும் இந்தத் துருவை எடுக்கவில்லை. ஈரம் உள்ளே அடைபட்டு, மூடிய இருட்டில் வேலையைத் தொடர்ந்திருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு அடைந்த அந்த மூலத் தகட்டை ஒரு நாளாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று எண்ணினோம். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. கடற்காற்றில் வெற்றுத் தகடு இரவு தாங்காதாம். மாலைக்குள் பிரைமர் ஏறியாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். மின்சாரம் போய்விட்டதால் கம்ப்ரசர் ஓடவில்லை. எஞ்சின் மூடி மட்டும் காலை வரை அப்படியே கிடந்தது. விடிந்து பார்த்தபோது அதில் மெல்லிய பழுப்பு படர்ந்திருந்தது. நடுவில், அந்த இளைஞர் முந்தின நாள் கையுறையின்றி ஊன்றிய இடத்தில், ஐந்து விரலும் உள்ளங்கையும் துருவாலேயே அச்சாகியிருந்தன. வியர்வையின் உப்பு வரைந்த கை. அவரே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நீர் தெளித்துத் தேய்க்கத் தொடங்கினார்.

மூலம் என்று நாம் தேடிப் போவது தங்கி இருப்பதற்கான இடமன்று என்று அப்போது தோன்றியது. தகடு காண்பதற்குரியது, பழுது பார்ப்பதற்குரியது, பின்னர் மூடப்பட வேண்டியது. மூடாத இரும்புக்கு ஆயுள் இல்லை. பூச்சு என்றாலே பொய் என்று பேசுவது மேடைக்குச் சரி, பட்டறையில் செல்லாது. அங்கே கேள்வி வேறு: எதன்மேல் பூசுகிறோம்? துருவின்மேல் அப்பிய பட்டி கொல்லும். துருவெடுத்த தகட்டின்மேல் ஏறிய பிரைமர் காக்கும். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான்.

அப்பாவின் பச்சை இந்த இரண்டில் எது? அடிப்பட்டவரின் கைவிடாமல் முப்பது ஆண்டுகள் நின்றார். அந்த அளவில் துருவை எடுத்துவிட்டே பூசினார் எனலாம். எங்களிடம் சொல்லாமல் விட்டதில் ஏதோ ஈரம் உள்ளே தங்கிவிட்டது என்றும் சொல்லலாம். அந்த அண்ணன் கரும்போடு வந்த பொங்கல்களில் ஒருமுறையேனும் அவர் காலைப் பற்றி உண்மையறிந்து ஒரு சொல் பேசும் வாய்ப்பு எங்களுக்கு இல்லாமல் போயிற்று. இப்போது இருவருமாகப் போய்ப் பார்த்து வந்தோம். "மொதலாளி பாவம், அன்னைக்குத் தூக்கிட்டு ஓடுனது அவருதான்" என்றார். பிறகு பேச்சை விலைவாசிக்குத் திருப்பிவிட்டார். அவருக்கும் அவருடைய பூச்சு உண்டு. அதைச் சுரண்ட எங்களுக்கு உரிமையில்லை.

மதுரைக்காரரைத் தகடு தெரிந்த வியாழனன்றே வரவழைத்திருந்தோம். ஓட்டைகளையும் சுத்தியல் தழும்புகளையும் தூணின் ஒட்டையும் அவர் கையால் தொட்டுப் பார்த்தார். 1989-இன் மோதலையும் சொன்னோம். விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். அடிப்பெட்டி இரண்டையும் அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க ஆன செலவையும் சேர்த்தால் எங்களுக்குக் கைப்பிடித்தம்தான்.

நிறம் மட்டும் அவர் விருப்பம். அடுக்குகளின் படத்தைக் காட்டியபோது அவர் விரல் கிரீமின்மேல் நின்றது. 1978-இல் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். ஆர்.சி. புத்தகத்தில் மறுபடியும் நிறத்தைத் திருத்தி எழுத வேண்டும். வண்டியின் மற்ற உறுப்புகளுக்கு அது பழைய உடைதான். இடப்பக்க முன் மட்காடுதான் அந்த நிறத்தை முதன்முதலாக உடுத்தப்போகிறது.